தலை அரிக்கிறதா? முதலில் வகிடு எடுத்துப் பாருங்கள்



தலை அரிப்பு என்றதும் சிலர் சிரிக்கக் கூடும். "இதுக்கெல்லாமா ஒரு துண்டுப் பிரசுரம்?" என்று கேட்கவும் கூடும். பட்டவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருக்கும். இரவில் தலையணையில் தலை வைத்ததும் ஆரம்பித்துவிடும். சொறிந்து சொறிந்து தூக்கம் கெடும். நாலு பேர் முன்னால் தலையில் கை வைக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தால் யாரிடமும் கேட்காமல், கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தடவிக் கொள்கிறார்கள். அதில் சில சமயம் உயிருக்கே ஆபத்து உண்டு. அந்த விபரத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. எனக்கும் சுருட்டை முடிதான். ஆகவே கேள்வி ஞானத்தில் மட்டும் எழுதவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஓர் இளம் பெண் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். கல்யாணமாகி ஒரு வருஷம். அடர்த்தியான சுருட்டை முடி. "தலை அரிக்குதுங்கம்மா, ராத்திரியிலே தூக்கமே இல்லை. அத்தை தினமும் விளக்கெண்ணெய் தேய்ச்சு விடறாங்க. தேய்க்கத் தேய்க்க அதிகமாகுது. முடியை ஒட்ட வெட்டிடுன்னு வீட்டிலே சொல்றாங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேலாகப் பார்த்தேன். முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. "பேனும் ஈரும்தான், லோஷன் வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது.

அது நான் செய்த தவறு. மறு மாதம் போனபோது அரிப்பு குறையவில்லை. அதோடு அந்த வீட்டில் அவருடைய சீப்பும் தலையணையும் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. நாத்தனாரின் சின்னப் பெண் அவர் பக்கத்தில் படுக்கக் கூடாதாம். இத்தனையும் நான் அவசரத்தில் சொன்ன ஒரு சொல்லால். அன்று அவரைத் திண்ணையில் வெயில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, சீப்பின் முனையால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் சிவந்திருந்தது. அதன் மேல் மஞ்சள் கலந்த, எண்ணெய்ப் பிசுக்குள்ள செதில்கள். விரலால் தட்டினால் உதிர்ந்தன. பேன் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பொடுகு.

சுருட்டை முடியில் நடப்பது என்ன?

தலைத் தோலில் ஒவ்வொரு முடியின் வேரை ஒட்டியும் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. நேரான முடியில் இந்த எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை எளிதாக இறங்கிவிடும். சுருட்டை முடியின் வேர்க்குழி வளைந்திருக்கும். முடியும் உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருக்கும். வளைவுக்கு வளைவு தடைப்பட்டு, எண்ணெய் பெரும்பாலும் அடியிலேயே நின்றுவிடுகிறது. நுனி வறண்டு சிலும்பிக் கிடக்கிறது. அடியில் தோல் பிசுபிசுப்பாக இருக்கிறது. ஒரே தலையில் இரண்டு நிலை.

நம் கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள வறட்சிதான். "காய்ஞ்சு கிடக்குது, அதனாலேதான் அரிக்குது" என்று உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்க்கிறோம். மேட்டு வயல் காய்கிறது என்று பள்ளத்து வயலில் தண்ணீர் பாய்ச்சினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

பொடுகு எப்படி வருகிறது என்று பாருங்கள். எல்லோருடைய தலைத் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காளான் வகைக் கிருமி குடியிருக்கிறது. மலாசீசியா என்று அதற்குப் பெயர். எண்ணெய்ப் பசைதான் அதன் தீனி. அதைத் தின்றுவிட்டு அது விடுகிற கழிவு சிலருடைய தோலுக்கு ஒத்துக் கொள்வதில்லை. தோல் சிவக்கிறது, அரிக்கிறது, வேகமாக உரிந்து செதிலாக விழுகிறது. அழுக்காக இருப்பதால் பொடுகு வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே சீப்பையும் தலையணையையும் ஒதுக்கி வைத்து மருமகளை நோகடிக்க ஒரு காரணமும் கிடையாது. பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். மனக்கவலையும் தூக்கக் குறைவும் அதைக் கூட்டும். வீட்டில் ஏச்சு வாங்கி அழுதுகொண்டிருக்கிற பெண்ணுக்குப் பொடுகு எப்படி அடங்கும்?

இதற்கு என்ன செய்யலாம்?

கீட்டோகோனசோல் 2 சதவீதம் கலந்த மருந்து ஷாம்பு கிடைக்கிறது. வாரம் இரண்டு முறை, நாலு வாரம் உபயோகிக்க வேண்டும். நம் வழக்கத்தில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்று வாரம் இரண்டு தலைமுழுக்கு உண்டல்லவா? அந்த நாட்களையே வைத்துக் கொள்ளுங்கள், மறக்காது.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். போட்டதும் நுரையைப் பார்த்துவிட்டு உடனே அலசிவிடுகிறார்கள். காசு சாக்கடையில் போகிறது. முதலில் தலையை நன்றாக நனைத்து, முடியை நாலு பாகமாகப் பிரித்துக் கொள்ளுங்கள். வகிட்டில் தோலின் மேல் படும்படி ஷாம்பு வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். பிறகு அலச வேண்டும். நீள முடிக்கு இந்த ஷாம்பு வேண்டியதில்லை. அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும். அலசிய பின், ஈரம் இருக்கும்போதே, நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காது மட்டத்துக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தடவுங்கள். தலைத் தோலுக்கு வேண்டாம். சிக்கை எடுப்பதும் அப்போதே. அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். காய்ந்த சுருட்டை முடியை வேரிலிருந்து வறட்டு இழுப்பாக இழுத்தால் முடி அறுந்து போகும், தோலும் புண்ணாகும்.

நாலு வாரத்தில் அரிப்பு அடங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு முறையோ பதினைந்து நாளைக்கு ஒரு முறையோ போட்டால் போதும். பொடுகு அடியோடு ஒழிந்து போகும் என்று நான் சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம். விட்டால் திரும்பத் தலை காட்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எந்த மருந்தானாலும் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உபயோகிக்கவும்.

"அப்படியானால் எண்ணெய்க் குளியலே கூடாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தலைத் தோல் நன்றாக இருப்பவர்கள் தாராளமாகக் குளிக்கலாம். பொடுகு மும்முரமாக இருக்கும் வாரங்களில் மட்டும் நிறுத்தி வையுங்கள். தீபாவளியன்று ஆசைப்பட்டால் எண்ணெய் வைத்த சற்று நேரத்தில் நன்றாக அலசிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற விடுவதுதான் கூடாது.

சீயக்காய் பற்றியும் கேட்பார்கள். சீயக்காய் நல்ல பொருள். ஆனால் அரைத்த தூளை அப்படியே குழைத்துத் தேய்த்தால், சுருட்டை முடிக்குள் அந்தத் தூள் சிக்கிக் கொண்டு எளிதில் வெளியே வராது. அது உறுத்தி, அதுவே அரிப்பாகிவிடும். கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை உபயோகியுங்கள். எலுமிச்சம்பழத்தைச் சொறிந்த தலையில் தேய்க்க வேண்டாம், எரிச்சலை அதிகமாக்கும்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சில

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் சோப்புப் போட்டுத் தலை குளிப்பவர்களை ஒன்று கவனிக்கச் சொல்கிறேன். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிதிரியாகத் திரிந்து முடியிலும் தோலிலும் ஒட்டிக் கொள்ளும். காய்ந்ததும் வெள்ளையாக உதிரும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் சோப்புப் போடுவார்கள். ஆண்களில் சிலர் துணி சோப்பையே தலைக்கும் போட்டுக் கொள்கிறார்கள். அது தோலின் பசையை முழுக்க வழித்தெடுத்து வறட்டு அரிப்பை உண்டாக்கும். தலைக்குச் சோப்பு வேண்டாம். ஷாம்பு போட்ட பிறகு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ அலசினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, ஈரத் தலையோடு கொண்டை போட்டுக்கொண்டு வயலுக்குப் போவது. அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுருட்டை முடி காய நேரமாகும். உள்ளே ஈரம் நின்று, வேர்வையும் சேர்ந்து, மேலே சும்மாடும் புல்லுக்கட்டும் ஏறினால் கிருமிக்கு அதைவிட வசதி வேறு வேண்டாம். தலைக்குக் குளிப்பதை வேலை முடிந்து வந்து மாலையில் வைத்துக் கொள்ளலாம். சும்மாட்டுத் துணியையும், ஆண்கள் தலைக்குக் கட்டும் துண்டையும் துவைத்துக் காயப் போடுங்கள். ஹெல்மெட் போடுபவர்கள் உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதைத் தினமும் மாற்ற வேண்டும். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டி வைத்துவிடாதீர்கள்!

பேனாக இருந்தால்

சுருட்டை முடியில் பேன் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும். ஈரையும் பொடுகையும் பிரித்தறிவது சுலபம். பொடுகு ஊதினால், தட்டினால் உதிரும். ஈர், முடியோடு பசை போட்டு ஒட்டினாற்போல் இருக்கும். இரண்டு நகத்தால் உருவினால்தான் வரும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தேடுங்கள். ஊர்கிற பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால் சந்தேகமில்லை. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து வரும். அதனால்தான் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைக்கு வந்தால் தாய்க்கும் வருகிறது. எத்தனை சுத்தமான வீட்டிலும் வரலாம். இதில் யாருக்கும் அவமானம் இல்லை.

பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனை, அலசித் துவட்டிய தலையில் தோலிலும் முடியிலும் படும்படி தடவி, பத்து நிமிஷம் கழித்து அலச வேண்டும். மருந்துக்குத் தப்பிய ஈர் ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். ஆகவே ஒன்பதாம் நாள் இரண்டாவது முறை போட வேண்டும். இந்த இரண்டாவது முறையை விட்டுவிட்டு "மருந்து கேட்கலை" என்பவர்கள்தான் அதிகம். சொறி சிரங்குக்குக் கொடுக்கும் 5 சதவீத மருந்து வேறு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதைத் தலையில் போட வேண்டாம். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த லோஷன் கூடாது.

மருந்தே வேண்டாம் என்றால் பொறுமை வேண்டும். தலையை நனைத்து, தாராளமாக எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, சிக்கெடுத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும். 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் இப்படி வாரினால் பொரித்து வருபவையும் முட்டையிடும் முன்னே வந்துவிடும். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் தலையைவிட்டுக் கீழே விழுந்தால் இரண்டு நாளுக்குமேல் பிழைக்காது. தலையணை உறையையும் சீப்பையும் வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும்.

முன்னே ஆபத்து என்று சொன்னேனே, அது இங்கேதான். பேனைக் கொல்ல, பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தலையில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். 'மருந்து' என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் பயம் போய்விட்டது. அது மருந்தல்ல, விஷம். குடித்தால்தான் கொல்லும் என்பதில்லை. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சொறிந்த புண்ணிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். குழந்தைகளுக்குச் சிறு அளவே போதும். வாந்தி, எச்சில் வடிதல், அதிக வேர்வை, கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். அப்படி யாராவது தடவிவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுத் தலையையும் உடம்பையும் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை போட்டுக் கொள்ள வேண்டும். உறை இல்லையென்றால் கைக்குப் பிளாஸ்டிக் பையையாவது கட்டிக் கொள்ளலாம். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். ஒருவர் கழுவும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். தோலைப் பொசுக்கும், தடவிய தலையோடு அடுப்படிக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைச்சாயம்

இது பெரும்பாலும் கணவன்மார்களுக்கு, இப்போது மனைவிமார்களுக்கும். சாயம் போட்டு ஒன்றிரண்டு நாளில் நெற்றியோரம், காது, கழுத்து, கண் இமை இங்கெல்லாம் அரித்துச் சிவந்து வீங்கினால் அது பொடுகல்ல, சாயத்தின் ஒவ்வாமை. கறுப்புச் சாயத்தில் உள்ள பாரா ஃபினைலீன் டையமின் என்ற பொருளே பெரும்பாலும் காரணம். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இதைக் கலக்கிறார்கள். நாம் தோட்டத்தில் பறித்து அரைக்கிற மருதாணி சிவப்பாகத்தான் பிடிக்கும். கறுப்பாகப் பிடித்தால் சந்தேகப்படுங்கள். புதுச் சாயம் வாங்கினால் முதலில் காதின் பின்புறம் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பல வருஷம் ஒத்துக்கொண்ட சாயம் ஒரு நாள் ஒத்துக் கொள்ளாமல் போவதும் உண்டு. ஒரு முறை வந்தவர்கள் அந்த வகைச் சாயத்தை மறுபடி தொடக் கூடாது. அடுத்த முறை அதிகமாக வரும். முகம் வீங்கி மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

மற்றவை சில. குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, செதிலோடு அரித்தால் அது படர்தாமரை. களிம்பால் தீராது, டாக்டர் சொல்கிற மாத்திரையைப் பல வாரம் கொடுக்க வேண்டும். கடையில் 'படைக்கு' என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் சுகமாகத் தெரிந்து, பிறகு முன்னைவிடப் பரவும். வழவழவென்று சொட்டையாகி, அரிப்பே இல்லாமல் இருந்தால் அது புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. தடித்த வெள்ளிச் செதில் தலைமுடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்து, முழங்கை, முழங்காலிலும் இருந்தால் சொரியாசிஸ் என்ற காளாஞ்சகப்படையாக இருக்கலாம். அதுவும் தொற்றாது. கணவன் மனைவி தனித்தனிப் பாய் போட்டுப் படுக்க வேண்டிய அவசியமில்லை.

பார்ப்பது யார்?

தன் தலையைத் தானே பார்க்க முடியாது. கண்ணாடியில் முன்பக்கம்தான் தெரியும். தொல்லை இருப்பதோ பின்பக்கம். அதனால்தான் இந்தப் பிரசுரத்தைத் தம்பதியருக்கென்று எழுதினேன். "என்னங்க, கொஞ்சம் பாருங்க" என்று மனைவி கேட்டால், வேலை இருக்கிறது என்று நகர வேண்டாம். திண்ணையில் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, உச்சியில் ஒரு வகிடு, இரண்டு காதுக்கும் மேலே ஒவ்வொன்று, பிடரியில் ஒன்று என நாலு இடம் பிரித்துப் பாருங்கள். தோல் சிவந்திருக்கிறதா, செதில் பிசுக்காக இருக்கிறதா, உலர்ந்ததா, ஊர்வது ஏதாவது உண்டா, புண் உண்டா என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. கணவர் தலையை மனைவியும் இப்படியே பார்க்கலாம். நான் சொன்ன அந்தப் பெண்ணின் கணவர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஷாம்பு போடும் ஐந்து நிமிஷத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொல்வதே அவர் வேலையாகிவிட்டது. நாலாவது வாரம் அந்தப் பெண் இரவில் தூங்கினார். முடியை வெட்டவில்லை. மாமியாரிடம் நானே போய், அன்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்தார்.

நாலு வாரமாகியும் குறையாவிட்டால், அல்லது சீழ், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், வட்டமாக முடி கொட்டுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வருகிற அன்று தலைக்கு எண்ணெயோ பவுடரோ வைக்காமல், பின்னலைத் தளர்த்திக்கொண்டு வந்தால் பார்க்கச் சௌகரியமாக இருக்கும். அதுவரை தடவியது எதுவானாலும் அதன் டப்பாவையோ குப்பியையோ கையோடு எடுத்து வாருங்கள். பெயர் வாசிக்கத் தெரிய வேண்டாம், காட்டினால் போதும்.